பழைய காலுறை பின்னப்பட்ட முறையைக் கண்டறிவது எப்படி?

முதலில் கண்ணிகளின், அதாவது பின்னலில் நூல் அமைக்கும் சிறு வளையங்களின், அடிப்பகுதியை உருப்பெருக்காடி கொண்டு பாருங்கள். கண்ணியின் இரு கால்களும் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்திருந்தால், அது காதுள்ள ஒற்றை ஊசியில் சிறு நீள நூல்களைக் கோத்து, வளையத்துக்குள் வளையமாகத் தைத்துச் செல்லும் 'நால்பைண்டிங்' முறையில் உருவானதாக இருக்கலாம். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலுள்ள, பெருவிரல் பகுதி பிரிந்த எகிப்தியச் சிவப்புக் காலுறைகள் இவ்வகையே. அவற்றை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஊசிகளால் பின்னும் முறையின் முதல் சான்றாகக் கூறுவது பிழை. ஆயினும், இரண்டு ஊசிகளால் பின்னும்போது கண்ணியின் பின்காலில் (ஊசிக்குப் பின்புறம் இருக்கும் நூலில்) ஊசியைச் செலுத்தினாலும் இதே குறுக்கு அமையும் என்பதால், இந்த ஓர் அடையாளத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வரக் கூடாது. நூல் அடிக்கடி இணைக்கப்பட்டுள்ளதா, பின்னல் எந்தத் திசையில் வளர்ந்துள்ளது என்பவற்றையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

ஐரோப்பியக் காலுறையானால், அடுத்துப் பின்புறத் தையலைப் பாருங்கள். இங்கிலாந்தின் கால்வர்ட்டனைச் சேர்ந்த வில்லியம் லீ 1589இல் உருவாக்கிய பின்னல் பொறி, துணியைத் தட்டையாகவே பின்னியது. அதனால் அதன் இரு ஓரங்களையும் இணைத்துத் தைக்க வேண்டியிருந்தது. கையால் பின்னியவர்களோ பல ஊசிகளைக் கொண்டு குழல் வடிவிலேயே பின்னினர்.

இங்கே ஏமாறும் வாய்ப்பு மிகுதி. கைப்பின்னலிலும் கெண்டைக்கால் பகுதியில் கண்ணிகளைக் குறைக்கும் இடத்துக்கு அடையாளமாக, எதிர்க்கண்ணிகளால் (மற்றவற்றுக்கு மறுபுறமாகத் திருப்பிப் பின்னிய கண்ணிகளால்) ஒரு போலித் தையற்கோட்டை அமைப்பது வழக்கமாக இருந்தது. அனுமதி பெற்று உட்புறத்தைப் பாருங்கள்: உண்மையான தையலில் இரண்டு ஓரங்கள் சேர்ந்த மேடு தெரியும், போலிக் கோட்டில் தெரியாது.