நத்தார் மரம்: சவுக்கங்கொப்பா, கடை மரமா? முதன்முறை வைப்பவர்களுக்கு

டிசம்பர் முதல் கிழமையிலேயே கிளிநொச்சிக் கடை வாசல்களில் பச்சைப் பிளாஸ்ரிக் மரங்கள் வரிசையாக வந்து நின்றுவிடும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளோ எந்த வளவில் நல்ல சவுக்கு நிற்கிறது என்று அதற்கு முதலே பார்த்து வைத்திருப்பார்கள். போன வருடம் கலியாணம் முடித்துத் தனி வீட்டுக்குப் போன என் மருமகள், "மாமி, நாங்கள் எதை வைக்கிறது?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். படங்களில் காணும் பனிநாட்டு மரங்கள் வன்னியில் வளராது. நுவரெலியாப் பக்கத்துச் சைப்பிரஸ் கொப்புகள் லொறியில் வரும்போதே வெட்டிச் சில நாள் ஆகியிருக்கும். ஆகவே நமக்கு "உண்மை மரம்" என்றால் அது சவுக்குத்தான். சவுக்கின் ஊசி இலை என்று நாம் நினைப்பது இலை அல்ல, மெல்லிய பச்சைக் குச்சி. உண்மையான இலை அந்தக் குச்சியின் கணுக்களைச் சுற்றிச் சிறு பல் போல ஒட்டியிருக்கும். காய்ந்ததும் குச்சிகள் கழன்று நிலமெல்லாம் கொட்டும். சவுக்கை வைப்பதில் உள்ள பெரிய சிக்கல் இதுதான்.

படி 1: நாளை எண்ணுங்கள்

மரம் எத்தனை நாள் நிற்க வேண்டும்? டிசம்பர் 1 இல் வைத்து மூன்று ராசாக்கள் திருநாளான ஜனவரி 6 வரை வைத்திருப்பதென்றால் 37 நாள். வெட்டிய கொப்பு அவ்வளவு தாங்காது. என் வீட்டில் தண்ணீர் விட்டுப் பார்த்த சவுக்கு பத்து நாள் நல்ல பச்சையாக நிற்கும், இரண்டு கிழமை வரை சமாளிக்கும். ஆகவே டிசம்பர் 23 அல்லது 24 இல் வைப்பவர்களுக்குச் சவுக்கு, மாதத் தொடக்கத்திலேயே வைக்க ஆசைப்படுபவர்களுக்குக் கடை மரம். பாதித் தீர்மானம் இதிலேயே முடிந்துவிடும்.

படி 2: இடத்தை அளந்து பாருங்கள்

வீட்டுத்திட்டத்தில் கட்டிய 550 சதுர அடி வீட்டில் ஆறடி மரம் வைத்தால் ஆள் நடக்க இடமிராது. மரத்தின் உயரத்தைவிட அடியின் அகலத்தைப் பாருங்கள், பாலன் குடிலுக்கும் பக்கத்தில் இடம் வேண்டும். மேசைமேல் வைத்த மூன்றடிக் கொப்பு போதும். 2009 நத்தாருக்கு நாங்கள் முகாமில் இருந்தோம். பால்மா ரின்னில் மண் நிரப்பி, ஒரு பற்றைக் கொப்பைக் குத்தி, ரொபித் தாளை முறுக்கிக் கட்டினோம். என் மகன் இன்றைக்கும் நினைவு வைத்திருப்பது அந்த மரத்தைத்தான்.

படி 3: சவுக்கென்றால், எங்கே வெட்டுவது

சொந்த வளவில் நின்றால் பிரச்சினையில்லை. அயலவர் வளவென்றால் கேட்டு வெட்டுங்கள். காட்டுக்குள் போய் வெட்டாதீர்கள். வன இலாகாவின் அனுமதியில்லாமல் அரச காட்டில் மரம் தறிப்பது குற்றம். அதைவிடப் பெரிய காரணமும் உண்டு: மிதிவெடி இன்னும் எடுத்து முடியாத இடங்கள் நம் பக்கம் இருக்கின்றன. சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிற்கும் பக்கம் பிள்ளைகள் ஒரு கொப்புக்காகவும் கால் வைக்கக் கூடாது. இதை அவர்களுக்கு வாயால் சொல்லுங்கள், தெரிந்திருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

முல்லைத்தீவுக் கடற்கரைச் சவுக்குகளிலும் கைவைக்க வேண்டாம். காற்றையும் பறக்கும் மணலையும் மறித்து நிற்பவை அவை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்த கரை அது. அங்கே நிற்கும் ஒவ்வொரு மரமும் நிற்கட்டும்.

முழு மரத்தைத் தறிக்காமல் பக்கக் கொப்பு ஒன்றை எடுங்கள். வெயில் ஏற முன் காலையில் வாளால் அறுத்தால் நல்லது. கொப்பைப் பிடித்து உதறிப் பாருங்கள். பச்சைக் குச்சி பொலபொலவென்று கொட்டினால் வேறு கொப்புப் பாருங்கள். முசுறு இருந்தாலும் இந்த உதறலிலேயே தெரிந்துவிடும், உள்ளே கொண்டுவந்த பிறகு தெரிவதைவிட இது நல்லது.

படி 4: வாளியில் நிறுத்துவது

வெட்டிய வாய் சீக்கிரம் அடைபட்டுவிடும், பிறகு தண்ணீர் சரியாக ஏறாது. அதனால் வீட்டுக்கு வந்ததும் அடியில் இன்னும் ஓர் அங்குலம் அறுத்துவிட்டு உடனே தண்ணீரில் வையுங்கள். சீனி, மருந்துக் குளிசை எதுவும் வேண்டாம், கிணற்றுத் தண்ணீர் போதும்.

பழைய பெயின்ற் வாளியின் அடியில் கல்லைப் போட்டு, நடுவில் கொப்பை நேராகப் பிடித்து, சுற்றிவர மணலை இறுக்கி நிரப்புங்கள். நிறுத்த ஒருவர், மணல் போட ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். பிறகு தண்ணீர் விடுங்கள். மணலுக்கு மேலே தண்ணீர் தேங்கவே கூடாது, ஏனென்றால் மாரி நாளில் தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். காலையும் மாலையும் மணலைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் விடுங்கள்.

படி 5: கடை மரமென்றால், எதைப் பார்த்து வாங்குவது

கடை மரம் பெரும்பாலும் பீ.வீ.சீ. பிளாஸ்ரிக்கும் கம்பியும்தான். ஒரு கொப்பைக் கையால் உருவிப் பாருங்கள். இழை கையோடு வந்தால் வாங்காதீர்கள். கால் இரும்பாக இருக்கட்டும், பிளாஸ்ரிக் கால் இரண்டாம் வருடமே வெடிக்கும். கொப்புகளை விரித்து, நடுக்கம்பி வெளியே தெரிகிறதா என்றும் பாருங்கள்.

இதில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று, வாங்கினால் ஒரே ஒரு தடவை வாங்குங்கள். பிரித்தானியாவின் கார்பன் ட்ரஸ்ட் நிறுவனம் 2 மீற்றர் மரங்களுக்குப் போட்ட கணக்கில், பிளாஸ்ரிக் மரம் ஒன்றால் சுமார் 40 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமான, பூமியைச் சூடாக்கும் வாயு வெளியேறும். வெட்டிய மரத்தைக் குப்பை மேட்டில் புதைத்தால் 16 கிலோ, எரித்தால் 3.5 கிலோ. அடுப்பில் வைக்கும் சவுக்கோடு ஒப்பிட்டால் பிளாஸ்ரிக் மரத்தைப் பதினொரு, பன்னிரண்டு வருடமாவது பாவித்தால்தான் கணக்குச் சரிவரும். இரண்டு வருடத்தில் நிறம் பிடிக்கவில்லை என்று மாற்றுவதாக இருந்தால் வாங்கவே வேண்டாம். ஏற்கனவே வீட்டில் ஒன்று இருந்தால் அதையே வையுங்கள், அதைக் கழித்துவிட்டுச் சவுக்குத் தேடிப் போவதில் பயனில்லை.

படி 6: லைற்

எல்.ஈ.டீ. லைற் மட்டும் கட்டுங்கள், பழைய குமிழ் லைற் சூடேறும். மெழுகுதிரியைக் கொப்பில் வைக்கவே வேண்டாம். காய்ந்த சவுக்கு எப்படிப் பற்றும் என்று அடுப்பெரிப்பவர்களுக்குத் தெரியும். அடியில் குடிலின் வைக்கோலும், பனிக்கென்று ஒட்டிய பஞ்சும் இருக்கும். நள்ளிரவுப் பூசைக்குப் புறப்படும்போது பிளக்கைக் கழற்றிவிட்டே கதவைப் பூட்டுங்கள். மழையில் கறண்ட் போய் வருகிற நாளில் இது இன்னும் முக்கியம்.

படி 7: திருநாள் முடிந்த பிறகு

கடை மரத்தைத் துடைத்து, பெட்டியிலே போட்டு, எலி ஏறாத இடத்தில் வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே பரணில் வைத்தால் பங்குனி வெயிலில் பிளாஸ்ரிக் கெட்டுப்போகும். உடைந்துவிட்டது என்று முற்றத்தில் போட்டுக் கொளுத்தாதீர்கள். பீ.வீ.சீ. எரிந்தால் வரும் புகை நஞ்சு.

சவுக்கை வெட்டி அடுப்புக்கு வையுங்கள், சாம்பலைத் தென்னையடியில் போடுங்கள். அப்புறம், மழை ஈரம் இருக்கும்போதே ஒரு சவுக்கங்கன்றை வளவின் மூலையில் நடுங்கள். அதன் சருகு விழும் இடத்தில் வேறு பயிர் எளிதில் வராது, அதனால் மரக்கறிப் பாத்தியிலிருந்து தள்ளி நடவேண்டும். முதல் கோடையில் மட்டும் தண்ணீர் விட்டால் போதும். நான்காவது நத்தாருக்கு ஒரு பக்கக் கொப்பு எடுக்கலாம். மருமகளுக்கு இந்தக் கிழமை ஒரு கன்று கொடுத்தனுப்பியிருக்கிறேன்.