‘வெளிநாட்டுக் கைக்கூலி’ என்கிறார்களா? முதலில் கணக்கு நோட்டை எடுங்கள்

ஏரியில் கழிவு கொட்டுவதைப் பற்றி உங்கள் அமைப்பு ஒரு மனு கொடுக்கிறது, மறுநாளே ஊர் வாட்ஸ்அப் குழுவில் ‘தேச விரோதிகள், வெளிநாட்டுக் காசு’ என்று ஓடுகிறது. வந்தது அரசு நோட்டீஸா, வெறும் வசவா என்று முதலில் பாருங்கள். நோட்டீஸ் என்றால் ஆடிட்டரைக் கூப்பிட்டுக் கெடுவுக்குள் பதில். வசவு என்றால் ஒரே கேள்விதான்: எந்தக் காசு, எந்தத் தேதியில் வந்தது? ‘நாங்களும் தேசபக்தர்கள்தான்’ என்று கொடியோடு போட்டோ போடாதீர்கள், அப்புறம் மாசாமாசம் போடச் சொல்வார்கள்.

இப்படி முத்திரை குத்துவது ஒரு கட்சிக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை. அமைப்புகள் வெளிநாட்டுப் பணம் வாங்குவதைக் கட்டுப்படுத்தும் வெளிநாட்டு நிதிச் சட்டம் வந்ததே 1976இல், நெருக்கடி நிலையின்போது. 2012இல் இடிந்தகரை மக்கள் கூடங்குளம் அணு உலைக்கு எதிராகப் போராடிக்கொண்டிருந்தபோது, அமெரிக்க, ஸ்காண்டிநேவிய தொண்டு நிறுவனங்களைக் கைகாட்டியவர் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங்.

கணக்கில் ஓட்டை வைக்காதீர்கள். வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் உள்ள எஸ்பிஐ முதன்மைக் கிளைக்குத்தான் வர வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது (முன்பு 50), வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. கிராமத்துச் சின்னக் குழுக்களைப் படுக்க வைத்தது இந்தக் கடைசி விதிதான். வெளிநாட்டுக் காசே வாங்கவில்லையா? சரி, 50 ரூபாய் ரசீது வரை எழுதி வாசலில் ஒட்டுங்கள். பந்த், மறியல் செய்தார்கள் என்பதற்காக மட்டும், கட்சி அரசியல் நோக்கம் இல்லாத அமைப்புக்கு வெளிநாட்டு நிதியைத் தடுக்க முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதையும் பக்கத்திலேயே ஒட்டுங்கள்.

இதெல்லாம் வெளியே. எங்கள் அமைப்புக்கு அடி விழுந்தது உள்ளே. துண்டறிக்கையில் ‘நீர் உரிமை’ என்று இருந்ததை ஒருவர் அடித்து ‘நீர் விழிப்புணர்வு’ என்று எழுதினார், யாரும் மிரட்டக்கூட இல்லை, ‘எதுக்கு வம்பு’ என்று பாதிப் பேர் தலையாட்டினார்கள். அன்றைக்கு ஒரு வழக்கம் வைத்தோம்: எந்தச் சொல்லை வெட்டினாலும் யார் கேட்டது, ஏன் என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ‘ஏன்’ என்ற இடத்தில் ‘பயம்’ என்று எழுத யாருக்கும் கை வரவில்லை. துண்டறிக்கை ‘உரிமை’ என்றே அச்சுக்குப் போனது, 500 பிரதி.