கபாலா சடங்குப் பயிற்சி: தொடக்கத்திலேயே தடுக்கி விழும் இடங்கள்

கபாலா என்பது யூத மறைஞான மரபு. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை மூன்று விதமாக எழுதுவார்கள். ‘கே’ எழுத்தில் தொடங்கினால் பெரும்பாலும் யூத மரபு. ‘சி’ என்றால் ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலக் கிறிஸ்தவர்கள் எடுத்தாண்டது. ‘கியூ’ என்றால் 19ஆம் நூற்றாண்டின் சடங்குக் குழுக்கள் அதன்மேல் கட்டியது. எல்லாரும் பின்பற்றும் விதி என்று சொல்ல முடியாது, ஆனாலும் அட்டையைப் பார்த்தே உள்ளே இருப்பதை ஓரளவு ஊகிக்கலாம். தமிழில் எழுதினால் மூன்றும் ‘கபாலா’தான். அந்த அடையாளம் மறைந்துபோவதால், ஒரு மரபின் படத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டு இன்னொரு மரபின் சடங்கைச் செய்வது நம்மிடையே சுலபமாக நடக்கிறது. கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்தக் குழப்பத்திலிருந்து பிறந்தவை.

ஊர், காலம் தெரியாமல் தொடங்குவது

‘கபாலா எகிப்தியப் பூசாரிகளின் ரகசியம்’ என்று ஆரம்பிக்கும் எதையும் முதல் பக்கத்திலேயே மூடிவிடலாம். இந்தப் பெயரில் நாம் அறியும் மரபு 12, 13ஆம் நூற்றாண்டுகளில் தெற்கு பிரான்சின் புரோவான்சிலும் ஸ்பெயினிலும் உருப்பெற்ற யூத மறைஞானம். அதற்கு முந்தைய சிறு நூலான செஃபெர் யெட்ஸிரா, 10 செஃபிரோத்தையும் (கபாலாவில் இறைவனின் பத்து வெளிப்பாட்டு நிலைகள், ஒருமையில் செஃபிரா) 22 எபிரேய எழுத்துகளையும் கூட்டி 32 வழிகள் என்கிறது. கபாலாவின் மைய நூலான ஸோஹர் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினின் காஸ்டீலில் வெளிப்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் நகரில் ஐசக் லூரியா இதற்கு ஒரு புதிய வடிவம் தந்தார்.

கிறிஸ்தவ ஐரோப்பா இதை எடுத்துக்கொண்டது இன்னொரு கதை. 1486இல் பிக்கோ தெல்லா மிராந்தோலா தம் 900 கருத்துரைகளில் கபாலாவைச் சேர்த்தார். 1677க்கும் 1684க்கும் இடையில் நோர் ஃபொன் ரோசன்ரோத் லத்தீனில் ஒரு பெரும் தொகுப்பை வெளியிட்டார். அதன் பகுதிகளை மேக்கிரகர் மேதர்ஸ் 1887இல் ஆங்கிலமாக்கினார். மறு ஆண்டே அவரும் வெஸ்ட்காட், உட்மன் என்ற இருவரும் லண்டனில் கோல்டன் டான் என்ற குழுவைத் தொடங்கினார்கள். இன்று ‘மேற்கத்திய மந்திரச் சடங்கு’ என்று கிடைக்கும் பெரும்பாலானவை அந்தக் குழுவின் பாடத்திட்டத்திலிருந்து வந்தவை. அதாவது எபிரேயத்திலிருந்தும் அரமேயத்திலிருந்தும் லத்தீனுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சரக்கு. அதனால் அது பொய்யாகிவிடாது. ஆனால் ‘மோசே காலத்துச் சடங்கு’ என்று அதை யாராவது விற்றால் வாங்க வேண்டாம்.

‘40 வயதுக்கு முன் தொடக்கூடாது’ என்பதும் எங்கும் எக்காலமும் இருந்த விதி அல்ல. ஷப்தாய் ஸ்வி என்ற ‘மேசியா’ 1666இல் இஸ்லாத்துக்கு மாறியது யூத உலகத்தை உலுக்கியது. அந்தக் காயம் ஆறாத நிலையில், 1756இல் ப்ராடி நகரத்து ரபிகள் ஸோஹருக்கு 30, லூரியாவின் எழுத்துகளுக்கு 40 என்று வயது வரம்பு வைத்தார்கள். லூரியாவே 38 வயதில் இறந்துபோனவர்.

இரண்டு மரங்களைக் கலப்பது

தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு ஜீவவிருட்சம் என்ற சொல் பழக்கமானது. செஃபிரோத்தையும் அவற்றை இணைக்கும் 22 பாதைகளையும் மரம்போல வரைந்து காட்டும் படத்துக்குக் கபாலாவில் அதுதான் பெயர். அப்படி ஒரே ஒரு படம் இருப்பதாக நினைப்பதுதான் அடுத்த சறுக்கல். லூரியாவின் மரபில் வரும் படத்தில், கடைசி செஃபிராவான மல்குத்துக்கு மேலிருந்து ஒரே ஒரு பாதைதான் வரும், யெசோதிலிருந்து. கோல்டன் டான் பயன்படுத்தும் படத்தில் மூன்று வரும்: யெசோத், ஹோத், நெட்ஸா ஆகிய மூன்றிலிருந்தும். எழுத்து வைப்பும் வேறு. முதல் படத்தில் ஷின், ஆலெஃப், மேம் ஆகிய மூன்று ‘தாய் எழுத்துகள்’ குறுக்குப் பாதைகளில் அமரும். செஃபெர் யெட்ஸிரா எழுத்துகளை 3, 7, 12 என்று பிரிக்கும் கணக்கு அப்படியே 3 குறுக்கு, 7 நெடுக்கு, 12 சாய்வுப் பாதைகளில் பொருந்திவிடும். இரண்டாவது படத்தில் எழுத்துகள் மேலிருந்து கீழாக வரிசையாக இறங்கும். குறுக்கில் தாலெத், தேத், பே வந்து நிற்கும்.

எது சரி என்று சண்டையிடுவது வீண். ஒன்றைத் தேர்ந்து, அதற்குரிய பாடத்தோடு மட்டும் பயன்படுத்துங்கள். கோல்டன் டான் வழியில் தியானத்தில் ‘பாதை ஏறும்’ ஒருவர் மல்குத்திலிருந்து தொடங்கும்போது 32, 31, 29 என்ற எண்ணுள்ள பாதைகள் அவருக்கு முன்னால் இருக்க வேண்டும். லூரியா படத்தை வைத்திருந்தால் அவற்றில் இரண்டு அங்கே இருக்கவே இருக்காது.

குறிபார்க்கப் பயன்படும் டாரோ படச்சீட்டிலும் இதே தொல்லை. சீட்டுகளை எபிரேய எழுத்துகளோடு இணைக்கும் எண்ணம் 1781இல் பாரிசில் அச்சேறியது. 1850களில் எலிஃபாஸ் லெவி அதை முறையாக்கினார். அவர் கணக்கில் மந்திரவாதி சீட்டு ஆலெஃப், முட்டாள் சீட்டு ஷின். கோல்டன் டான் முட்டாளை ஆலெஃபில் வைத்தது. விளைவு, ‘உலகம்’ சீட்டு மட்டும் இரு முறையிலும் தாவ் எழுத்தில் ஒத்துப்போகும், மற்ற 21 சீட்டுகளும் மாறும். பிரெஞ்சு மரபு விளக்கத்தையும் ஆங்கில மரபுச் சீட்டுக்கட்டையும் சேர்த்துப் படிப்பவர் குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நிறம் பற்றியும் ஒரு சொல். கோல்டன் டான் அட்டவணையில் நான்கு நிற வரிசைகள் உண்டு. மரத்தைத் தீட்டும்போது செஃபிரோத்துக்கு ‘அரசி’ வரிசை, பாதைகளுக்கு ‘அரசன்’ வரிசை. அரசி வரிசையில் கெவூரா என்ற ஐந்தாவது செஃபிரா செந்நிறம், அரசன் வரிசையில் அதே கெவூரா ஆரஞ்சு. இரண்டையும் கண்டவர்கள் அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடுகிறார்கள்.

வலம் எது, இடம் எது

யூத மரபில் நான்காவது செஃபிராவான ஹெசெத் வலது கை, கெவூரா இடது கை. படத்தில் தெரிவது நம்மைப் போலவே அப்பக்கம் பார்த்து நிற்கும் ஓர் உருவத்தின் முதுகுப்புறம் என்று கொண்டால், அதன் வலம் நம் வலம்தான். ஆனால் உடலைத் தொட்டுச் சிலுவை வரையும் கோல்டன் டானின் கபாலாச் சிலுவையில் வலது தோளைத் தொட்டு ‘வெ-கெபூரா’ (அதே கெவூராதான்) என்றும், இடது தோளைத் தொட்டு ‘வெ-கெதூலா’ என்றும் சொல்வார்கள். கெதூலா என்பது ஹெசெத்தின் இன்னொரு பெயர். அங்கே நீங்கள் மரத்தின்மேல் முதுகு சாய்ந்து, படத்திலிருந்து வெளியே பார்த்து நிற்கிறீர்கள். அதனால் பக்கம் மாறுகிறது. இரண்டும் தத்தம் இடத்தில் சரி. நேற்று ஒரு நூலைப் பார்த்து வலத்திலும், இன்று இன்னொன்றைப் பார்த்து இடத்திலும் கெவூராவை வைப்பதுதான் தவறு.

சிலுவையின் முழு வரிசை இது. கிழக்கு நோக்கி நின்று நெற்றியில் ‘ஆத்தா’ (எபிரேயத்தில் ‘நீர்’), மார்பில் ‘மல்குத்’, வலது தோளில் ‘வெ-கெபூரா’, இடது தோளில் ‘வெ-கெதூலா’. பிறகு இரு கைகளையும் மார்பின் முன் கோத்து ‘லெ-ஓலாம், ஆமென்’. பரமண்டல ஜெபத்தின் ‘ராஜ்யமும், வல்லமையும், மகிமையும்’ என்ற முடிவை நினைவூட்டும் வரிசை. செஃபிரோத்தின் பெயர்களுக்கு மூலம் தேடினால் 1 நாளாகமம் 29:11ஐப் பாருங்கள். மாட்சிமை, வல்லமை, மகிமை, ஜெயம், மகத்துவம் என்று தமிழ் வேதாகமத்தில் வரும் ஐந்தும் 4ஆவது முதல் 8ஆவது வரையான செஃபிரோத், அதே வரிசையில்.

தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதி வைத்துக்கொள்வது

இது நமக்கென்றே உள்ள பள்ளம். தமிழில் க ஒன்று, ப ஒன்று. எபிரேயத்தில் கிமெல், காஃப், கோஃப் மூன்றும் தனித்தனி எழுத்துகள். பேத், பே இரண்டும் வேறு. ‘கெவூரா’ என்று தமிழில் எழுதி, சொல்லின் முதலில் வரும் க-வைக் ‘கல்’ என்பதில் போல வல்லொலியாகப் படித்தால் எபிரேயத்தில் ‘அடக்கம் செய்தல்’, அதாவது புதைப்பது என்ற பொருள் வரும். ‘அங்கம்’ என்பதில் ங்-க்குப் பின் வருகிறதே, அந்த மெல்லொலியில் தொடங்கினால்தான் ‘வல்லமை’. ஹெசெத், ஹோக்மா ஆகியவற்றை ஆங்கில எழுத்தைப் பார்த்துச் ‘செசெட்’, ‘சோக்மா’ என்று படிப்பதும் பரவலாக உண்டு. அது ச அல்ல, தொண்டையின் ஆழத்திலிருந்து உரசி வரும் ஹ.

22 எழுத்துகளையும் கற்பதற்கு இரண்டு வாரம் போதும். தமிழ் வேதாகமத்தின் 119ஆம் சங்கீதத்தில் எட்டெட்டு வசனங்களுக்கு ஒரு தலைப்பாக அவற்றின் பெயர்கள் வரிசையாகவே இருக்கின்றன. எழுதிப் பழகும்போது உருவம் ஒத்த இரட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்: பேத்–காஃப், தாலெத்–ரேஷ், ஹே–ஹெத், சாமெக்–இறுதி மேம் (சொல்லின் முடிவில் மேம் எடுக்கும் வடிவம்). தாலெத்துக்கு வலது மேல்மூலை கூர்மை, ரேஷுக்கு வளைவு. இவ்வளவுதான் வேறுபாடு. உபாகமம் 6:4இல் வரும் ‘எஹாத்’, அதாவது ‘ஒருவர்’ என்ற சொல்லின் தாலெத்தைத் தோராச் சுருள்களில் பெரிதாக எழுதுவார்கள். அது ரேஷாகிவிட்டால் சொல் ‘அஹெர்’, ‘வேறொருவர்’ என்று ஆகிவிடும்.

ஒவ்வொரு எபிரேய எழுத்துக்கும் உள்ள எண்ணைக் கூட்டும் கெமத்ரியா என்ற கணக்கில் இந்தப் பிழையின் விலை தெரியும். எஹாத் 1+8+4, ஆக 13. ரேஷ் போட்டால் 209. ‘அஹவா’, அன்பு, 1+5+2+5, அதுவும் 13. இரண்டையும் கூட்டினால் 26, இறைவனின் நான்கெழுத்துத் திருப்பெயரின் எண் (10+5+6+5). கெமத்ரியா இப்படி எபிரேய எழுத்துக்கூட்டின்மேல் மட்டும் நிற்பது. நம்மூர்ப் பெயர் ராசிக்காரர்கள் ஆங்கில எழுத்துக்கு எண் போடுவதுபோல் உங்கள் பெயரை ஆங்கிலத்தில் எழுதிக் கூட்டி ஒரு செஃபிராவோடு பொருத்தினால் அதற்குக் கபாலாவில் இடமில்லை. இறுதி வடிவ எழுத்துகளுக்கு 500 முதல் 900 வரை தனி மதிப்பு தரும் முறையும் உண்டு, தராத முறையும் உண்டு. வேண்டிய விடை வரும்வரை இரண்டுக்கும் தாவக்கூடாது.

ஐங்கோணச் சடங்கு

தொடக்கநிலை மாணவருக்குத் தரப்படும் முதல் பயிற்சி இதுதான். பத்து நிமிடத்துக்குள் முடியும். சக்திகளை விலக்குவதற்கான, பூமிக்குரிய ஐங்கோணத்தை (ஐந்து முனை நட்சத்திரம்) காற்றில் இடது இடுப்பருகே தொடங்கி நெற்றிக்கு மேல், வலது இடுப்பு, இடது தோள், வலது தோள், மீண்டும் இடது இடுப்பு என்று ஐந்து கோடுகளில் வரைய வேண்டும். உச்சியில் தொடங்கி இடது இடுப்புக்கு இறங்கினால் அது அழைக்கும் ஐங்கோணம். விலக்க நினைத்து அழைத்துவிடும் தவறு இங்கேதான் நடக்கிறது. மூலப் பாடத்தில் காலையில் அழைக்கும் வடிவம், மாலையில் விலக்கும் வடிவம் என்று இரண்டுமே உண்டு. இன்று பலர் விலக்கும் வடிவத்தை மட்டும் செய்கிறார்கள்.

கிழக்கில் நான்கெழுத்துத் திருப்பெயர் (யோத், ஹே, வாவ், ஹே என்று எழுத்தெழுத்தாக), தெற்கில் ‘அதோனாய்’, மேற்கில் ‘எஹ்யே’, வடக்கில் ‘ஆக்லா’. வலமாகச் சுற்ற வேண்டும். ஆக்லா ஒரு தேவதையின் பெயர் அன்று. ‘ஆத்தா கிபோர் லெ-ஓலாம் அதோனாய்’ என்ற வாக்கியத்தின் முதலெழுத்துகள்: ஆண்டவரே, நீர் என்றும் வல்லவர். ஒரு திசையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது நீட்டிய கையைத் தாழ்த்தாமல் கோட்டை இழுத்துக்கொண்டே போகவேண்டும். வடக்கு முடிந்ததும் கிழக்கின் நடுப்புள்ளிவரை வந்து வட்டத்தை மூட வேண்டும். கடைசிக் கால்வட்டத்தை விட்டுவிட்டுத் தேவதூதர்களை அழைக்கப் போவதுதான் நான்கு திசை முடித்த அலுப்பில் வரும் வழக்கமான பிழை. கடைசியில் சிலுவையை மறுபடி செய்யவும் மறக்கிறார்கள்.

பெயரைக் கத்த வேண்டாம். மூச்சை நிறைய இழுத்து, வெளிமூச்சு முழுவதும் ஒரே பெயரில் நீளட்டும். மார்பெலும்பு அதிர வேண்டும், தொண்டை கரகரத்தால் முறை தவறு.

தூதர்கள்: முன்னால் ரஃபாயேல், பின்னால் காப்ரியேல், வலத்தில் மிகாயேல், இடத்தில் ஊரியேல். யூதர்கள் படுக்கைக்குப் போகுமுன் சொல்லும் ஜெபத்திலும் இந்த நால்வர் உண்டு, ஆனால் அங்கே முன்னால் ஊரியேல், பின்னால் ரஃபாயேல், இடத்தில் காப்ரியேல். மிகாயேல் மட்டும் இரண்டிலும் வலம். ஒன்றைக் காட்டி மற்றதைத் திருத்த வேண்டாம்.

பத்தை ஏழாக்குவது

செஃபிரோத்தைச் சக்கரங்களோடு பொருத்தும் படங்கள் நம்மை எளிதில் இழுத்துவிடும். ஆறாதாரமும் சகஸ்ராரமும் ஒரே தண்டில் ஏறுகின்றன. மரத்துக்கோ மூன்று தூண்கள். பத்தை ஏழாக்க வேண்டுமானால் ஹெசெத்–கெவூரா போன்ற எதிரிணைகளை ஒரே புள்ளியாக நசுக்க வேண்டும். அந்த இழுபறிதான் மரத்தின் உயிர். மேற்கத்தியர்களுக்கு இந்த யோகச் சொற்கள் போய்ச் சேர்ந்த வழிகளில் ஒன்று தமிழர் வீடு. கோல்டன் டானைச் சேர்ந்த ஆலன் பென்னட், இலங்கையில் பொன்னம்பலம் இராமநாதனிடம் யோகம் கற்றார். 1901இல் கண்டியில் பென்னட்டோடு தங்கிப் பயின்ற அலெய்ஸ்டர் க்ரௌலி 1909இல் வெளியிட்ட பொருத்த அட்டவணை நூலில் சக்கரங்களுக்கும் இடம் உண்டு. அட்டவணை ஒப்பிடுவதற்கு. இரண்டும் ஒன்றே என்று அது நிறுவவில்லை.

மரத்தின் நடுத்தூணில் கூடுதலாகக் காட்டப்படும் தாஅத் (‘அறிவு’) என்ற புள்ளியைப் பதினோராவது செஃபிராவாக எண்ணுவதும் இதே வகைதான். செஃபெர் யெட்ஸிரா ‘பத்து, ஒன்பதல்ல, பத்து, பதினொன்றல்ல’ என்று கறாராகச் சொல்கிறது. உச்சியிலுள்ள முதல் செஃபிராவான கெதெரை எண்ணாதபோது தாஅத்தை எண்ணுவார்கள்.

மரத்தின் நடுத்தூணை உடலில் இருத்தித் தியானிக்கும் நடுத்தூண் பயிற்சியில் தாஅத் வரும், ஆனால் இணைப்பிடமாக. உச்சந்தலையில் தொடங்கித் தொண்டை, மார்பு, அடிவயிறு, பாதம் என்று ஒளி இறங்க வேண்டும். தலையில் வரும் பரவசத்தில் மயங்கிப் பாதத்துக்கு வராமலே எழுந்துவிடுபவர்களுக்கு தலைபாரமும் தூக்கமின்மையும் வருவதாகச் சொல்வார்கள். கடைசியாகச் சொல்லும் ‘அதோனாய் ஹா-ஆரெட்ஸ்’ என்பதற்குப் ‘பூமியின் ஆண்டவர்’ என்று பொருள். அதைச் சொல்லும்போது உள்ளங்கால் தரையில் அழுந்துவது தெரிய வேண்டும்.

72 பெயர்களும் காகிதமும்

யாத்திராகமம் 14:19–21 வசனங்கள் எபிரேயத்தில் ஒவ்வொன்றும் 72 எழுத்து. முதலாவதை நேராக, இரண்டாவதைப் பின்னிருந்து, மூன்றாவதை நேராக எழுதி மேலிருந்து கீழாகப் படித்தால் இறைவனின் 72 மூவெழுத்துப் பெயர்கள். நடு வசனத்தையும் நேராக எழுதிவிட்டால் பட்டியல் முழுவதும் பாழ். வேறொரு மூலத்தோடு ஒப்பிடும்வரை அது தெரியவும் தெரியாது.

நான்கெழுத்துத் திருப்பெயரை யூதர்கள் வாயால் சொல்வதில்லை. சடங்கிலும் அதை உயிரெழுத்து சேர்த்து ஊகித்துச் சொல்லாமல் எழுத்தெழுத்தாகச் சொல்வது இருதரப்புக்கும் பொருந்தும் வழி. அந்தப் பெயர் எழுதிய காகிதத்தை அவர்கள் குப்பையில் போடுவதும் இல்லை, சேர்த்து வைத்துப் புதைக்கிறார்கள். பயிற்சித் தாள்களில் எபிரேய எழுத்தில் அதை எழுதிப் பழகினீர்களானால் பழைய தாள்காரரிடம் எடைக்குப் போடாமல் தனி உறையில் வையுங்கள்.