பயாப்சி ரிப்போர்ட்டில் 'பாப்பிலரி': தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மார்பில் கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ முதலில் கிளினிக், அப்புறம் ஈப்போ மருத்துவமனை. ஊசியால் திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்சியின் ரிப்போர்ட்டில் 'பாப்பிலரி' என்று இருந்தால் போதும், வீட்டில் அழுகை தொடங்கிவிடும். அவசரப்பட வேண்டாம். பால்குழாய்க்குள் ரத்தநாளம் ஓடும் மெல்லிய தண்டுகள், அவற்றைப் போர்த்திய செல்கள்: இந்த அமைப்பில் தீங்கற்ற பாப்பிலோமாவும் உண்டு, புற்றும் உண்டு. காம்பில் ரத்தம் கசியப் பெரும்பாலும் பாப்பிலோமாதான் காரணம்.

சரி, எப்படிப் பிரிக்கிறார்கள்? மயோஎபிதீலியல் செல்கள், அதாவது பால்குழாயின் உட்செல்களுக்கு வெளியே ஓர் அடுக்காகச் சூழ்ந்திருக்கும் செல்கள், எங்கே இருக்கின்றன என்று பார்த்துத்தான். தண்டுகளிலும் ஓரத்திலும் இருந்தால் பாப்பிலோமா. ஓரத்தில் மட்டும் இருந்தால் குழாயைத் தாண்டாத பாப்பிலரி புற்று. இரண்டு இடத்திலும் இல்லை, ஆனால் உறைபோட்டதுபோல் வட்டமாக நிற்கிறது என்றால் 'என்கேப்சுலேட்டட்' வகைப் புற்று. பெரிய குழப்பம் இங்கேதான். ஓரச் செல் இல்லையே என்று இதைப் பரவும் புற்றாக எண்ணிவிடுகிறார்கள். உறையைத் தாண்டி ஊடுருவியது தெளிவாகத் தெரியாதவரை இதைப் பரவாத நிலையாகவே கணக்கிடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு. செல்கள் தீவிரமான வகையாக ('ஹை கிரேடு') இருந்தால் மட்டும் கதை வேறு. வகை தெரியாமல் கடும் சிகிச்சைக்குத் தயாராவது வீண் வேதனை.

மயோஎபிதீலியல் செல்களை அடையாளம் காட்டும் சாயச் சோதனையில் ஒரே சாயத்தை நம்புவதும் தவறு. பி63, கால்போனின் என்று இரண்டு மூன்று சாயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்போகிரைன் செல்கள் (வியர்வைச் சுரப்பிச் செல்போல மாறியவை) தீங்கற்றவையாக இருந்தும் சிகே5/6 என்ற இன்னொரு சாயத்தை ஏற்காமல் ஏமாற்றும்.

பாப்பிலோமாவுக்குள்ளேயே மாறுபட்ட செல்கள் இருந்தால் அளவைப் பார்க்க வேண்டும். தீவிரம் குறைந்த ('லோ கிரேடு') மாற்றம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் 'அட்டிப்பியா' (இயல்பு மாறிய, ஆனால் புற்று என்று சொல்ல முடியாத நிலை), அதற்கு மேல் குழாய்க்குள் அடங்கிய புற்று. ஊசியில் வந்த துண்டுகளை வைத்து இந்த அளவைச் சொல்வது கடினம். அதனால் 'அட்டிப்பியா' என்று வந்தால் கட்டியை முழுதாக எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். "ஊசியில் புற்று இல்லைன்னு வந்துடுச்சே" என்று அத்துடன் விட்டுவிடுவது எனக்குத் தெரிந்து மிக ஆபத்தான தவறு. மாறுபாடு இல்லாத சின்ன பாப்பிலோமா, ஸ்கேனும் அதற்கு ஒத்துப்போகிறது என்றால், மருத்துவர் கண்காணிப்போடு நிறுத்தலாம்.

இன்னொன்று: ஊசி போன வழியில் செல்கள் இடம்பெயர்ந்து, ஊடுருவிய புற்றுபோலத் தோன்றும். ஆகவே வேறு மருத்துவமனைக்குப் போகும்போது முந்தைய பயாப்சியின் தேதி, ரிப்போர்ட், முடிந்தால் ஸ்லைடு (திசு ஒட்டிய கண்ணாடித் தகடு) எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள்.