கேபிள் வந்தாச்சு, இணையம் ஏன் இன்னும் மலிவாகவில்லை?

கென்யாவுக்குக் கடலடி ஃபைபர் கேபிள் வந்து சேர்ந்தது 2009இல்தான். அந்த ஆண்டு டீம்ஸ், சீகாம் என்று இரண்டு கேபிள்கள் அடுத்தடுத்து மொம்பாசாவில் கரையேறின. அதுவரை வெளிநாட்டுத் தொடர்பெல்லாம் செயற்கைக்கோள் வழியாகத்தான். வேகம் குறைவு, காசு அதிகம். கேபிள் வந்த பிறகு மொத்த விற்பனை விலை இறங்கியது உண்மை. ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டு, "கேபிளைக் கொண்டுவந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும்" என்று வளரும் நாடுகளின் அரசுகளும் உதவி நிறுவனங்களும் நினைப்பதுதான் முதல் தவறு.

கென்யாவின் கதையிலேயே கேபிளுக்கு முந்தைய பகுதி ஒன்று இருக்கிறது. நைரோபியில் ஒருவர் அடுத்த தெருவில் இருப்பவருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார் என்று வையுங்கள். இருவரும் வெவ்வேறு நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள். அந்த நிறுவனங்களுக்குள் நேரடி இணைப்பு இல்லையென்றால், அந்த அஞ்சல் அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ போய்த்தான் அடுத்த தெருவுக்கு வரும். போவதற்கும் வருவதற்கும் டாலரில் வாடகை. இதைத் தவிர்க்க 2000ஆம் ஆண்டு நவம்பரில் கென்ய இணைய நிறுவனங்கள் சேர்ந்து நைரோபியில் ஒரு பரிமாற்ற மையத்தைத் தொடங்கின. பெரிய கட்டடமெல்லாம் தேவையில்லை. ஓர் அறை, நிறுவனங்களின் கம்பிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச் என்ற கருவி ஒன்று, தடையில்லாத மின்சாரம், அவ்வளவுதான்.

சில வாரங்கள்கூட ஓடவில்லை, மூடிவிட்டார்கள். சர்வதேசத் தொடர்பில் ஏகபோக உரிமை வைத்திருந்த டெல்காம் கென்யா புகார் கொடுத்தது, ஒழுங்குமுறை ஆணையமும் அதற்குத் தலையசைத்தது. உள்ளூர் டேட்டாவை உள்ளூரிலேயே மாற்றிக்கொள்வது சர்வதேச உரிமையை எப்படி மீறும் என்று வாதாடி, மையத்தை மறுபடி திறக்க 2002 பிப்ரவரி ஆகிவிட்டது. அதன் பிறகு உள்ளூருக்குள் டேட்டா போய்வர ஆகும் தாமதம் 200 முதல் 600 மில்லி விநாடி என்பதிலிருந்து 2 முதல் 10 மில்லி விநாடிக்கு இறங்கியது. என்னைக் கேட்டால், மலிவான ஒரு கருவியை விலை உயர்ந்த அனுமதிச் சீட்டுக்குப் பின்னால் பூட்டி வைப்பதைவிடப் பெரிய வீண்செலவு இந்தத் துறையில் இல்லை.

மையத்தைத் திறந்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. உள்ளூர்ச் செய்தித் தளமும் அரசுத் தளமும் வெளிநாட்டு சர்வரில் கிடந்தால், மாற்றிக்கொள்ள அங்கே என்ன இருக்கும்? மக்கள் அதிகம் பார்க்கும் வீடியோக்களின் நகல் நாட்டுக்குள்ளேயே ஒரு சர்வரில் இருக்க வேண்டும். கென்யாவில் இது மெல்ல மெல்ல நடந்தது. நாட்டுக்குள்ளிருந்தே கிடைக்கும் டேட்டாவின் பங்கு 2012இல் ஏறத்தாழ 30 சதவீதம், 2020இல் 70 சதவீதம்.

அடுத்து, எண்ணிக்கையை நம்பி ஏமாறுவது. நான்கு கேபிள் இருக்கிறது, ஒன்று அறுந்தால் மூன்று மிச்சம் என்று கணக்குப் போடுகிறார்கள். 2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட் கடற்பகுதியில் வாக்ஸ், மெயின்ஒன், ஏஸ், சாட்-3 ஆகிய நான்கும் ஒரே நாளில் பழுதாயின. பல மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் திணறின. பெயரும் உரிமையாளரும் வேறாக இருந்தாலும் பாதை ஒன்றாக இருந்தால், அது கிட்டத்தட்ட ஒரே கேபிள்தான். பசிபிக் தீவு நாடான டோங்காவுக்கோ அப்போது வெளிநாட்டுக் கேபிளே ஒன்றுதான் இருந்தது. 2022 ஜனவரியில் எரிமலை வெடித்து அது அறுந்தபோது சரிசெய்ய ஐந்து வாரம் பிடித்தது. தீவுகளுக்கிடையே ஓடும் உள்நாட்டுக் கேபிளைச் சரிசெய்ய ஒரு வருடத்துக்கும் மேலானது. மாற்று வழிக்கு ஒரு செயற்கைக்கோள் ஒப்பந்தம் முன்பே கையில் இருக்க வேண்டும்.

பகட்டான தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கூகுளின் தாய் நிறுவனத்தைச் சேர்ந்த லூன், 2020 ஜூலையில் கென்யாவின் மேலே பலூன்களைப் பறக்கவிட்டு இணையம் கொடுத்தது. 2021 ஜனவரியிலேயே திட்டத்தை மூடுவதாக அறிவித்துவிட்டது. தரையில் மின்சாரம் இல்லாத டவர்களுக்கு டீசல் வாங்கிக் கட்டுப்படியாகாமல் திண்டாடுகிறவர்களுக்கு, அந்தப் பணத்தில் சோலார் தகடும் பேட்டரியும் எவ்வளவோ உதவியிருக்கும்.

ஒரே நிறுவனத்திடம் மொத்த உரிமையையும் கொடுப்பது இன்னொன்று. ருவாண்டா 2013இல் கொரிய நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து நாடு முழுவதற்கும் ஒரே 4ஜி மொத்த விற்பனை நிறுவனத்தை உருவாக்கியது. சிக்னல் கிட்டத்தட்ட நாடு முழுக்கப் பரவியது. ஆனால் 4ஜி பயன்படுத்தியவர்கள் குறைவு. மொபைல் நிறுவனங்கள் சொந்தமாக 4ஜி நடத்த முடியாமல், அதனிடம் வாங்கித்தான் விற்க வேண்டியிருந்தது. 2023இல்தான் எம்டிஎன் என்ற மொபைல் நிறுவனம் அங்கே சொந்த 4ஜி சேவையைத் தொடங்க முடிந்தது. சிக்னல் போய்ச் சேர்ந்த பரப்பைக் காட்டி வெற்றி என்று அறிவிக்கும் பழக்கம் நம் பக்கமும் உண்டு. 2.5 லட்சம் கிராம ஊராட்சிகளை ஃபைபரால் இணைக்க 2011இல் இந்தியா ஒப்புதல் அளித்த திட்டம்தான் இன்றைய பாரத்நெட். ஊராட்சி அலுவலகத்துக்குக் கம்பி போய்ச் சேர்வதும், அந்த ஊர் வீட்டில் வீடியோ ஓடுவதும் ஒன்றில்லை.

வரி விஷயம் தனி. ஒரு கையால் மானியம் கொடுத்துவிட்டு மறு கையால் பிடுங்கும் வேலை. உகாண்டா 2018 ஜூலையில் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் போன்றவற்றைப் பயன்படுத்த ஒரு நாளைக்கு 200 ஷில்லிங் வரி போட்டது. மக்கள் என்ன செய்தார்கள்? எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை மறைக்கும் விபிஎன்னுக்கு ஏராளமானோர் மாறினார்கள், சிலர் இணையத்தையே விட்டார்கள். எதிர்பார்த்த வருமானமும் வரவில்லை. 2021இல் அந்த வரியை எடுத்துவிட்டு, டேட்டா மீதே 12 சதவீதம் போட்டார்கள். இதில் தப்பிக்க விபிஎன்னும் உதவாது.