பிக்கப் ட்ரக்குக்கு ஹிட்ச் சைக்கிள் ரேக் வாங்கப் போறீங்களா? முதல்ல டெயில்கேட்டை அளந்துடுங்க

ஹிட்ச்னா டிரெய்லர் இழுக்கறதுக்காக வண்டியோட பின்பக்கம் அடில மாட்டற இரும்பு அமைப்பு, அதுல சொருகற ரேக்தான் ஹிட்ச் ரேக். சைக்கிள் ரேக் தேடறவங்க பெரும்பாலும் ரெண்டு விஷயம்தான் பாப்பாங்க, எத்தனை சைக்கிள் மாட்டலாம், விலை என்ன. பிக்கப் வச்சிருக்கறவங்க அதுக்கு முன்னாடி இன்னொண்ணு கேக்கணும்: ரேக் மாட்டினதுக்கு அப்புறம் டெயில்கேட், அதாவது தொட்டியோட பின்கதவு, திறக்குமா? ஏன்னா பிக்கப்புல டெயில்கேட் கீழ இறங்கி நேரா பின்னாடி நீட்டிக்கிட்டு நிக்கும், ரேக்கோட நடுக்கம்பி நிக்கறதும் கிட்டத்தட்ட அதே இடம்தான். இதைப் பாக்காம வாங்கிட்டா பின்னாடி தொட்டில இருக்கற சாமான் எடுக்கறதுக்கெல்லாம் ஒவ்வொரு தடவையும் சைக்கிளைக் கழட்டிட்டு இருக்கணும். அதனால வரிசையா பாத்துடலாம், அளக்கற டேப் ஒண்ணு எடுத்துக்கோங்க.

1. ரிசீவர் இருக்கா, என்ன சைஸ்

பம்பருக்குக் கீழ நடுவுல சதுர வாயோட ஒரு இரும்பு டியூப் தெரியும், அதுதான் ரிசீவர். சில வண்டில பம்பர் மேலயே டிரெய்லர் மாட்டற இரும்புக் குண்டு மட்டும் இருக்கும், டியூப் இருக்காது, அதுல ஹிட்ச் ரேக் மாட்ட முடியாது, முதல்ல ரிசீவர் போட்டாகணும்.

டியூப்போட உள்பக்க அகலத்தை அளங்க, சுவரோட தடிமன் சேரக் கூடாது. பிக்கப்புல பெரும்பாலும் 2 இன்ச் வரும். சின்ன கார்களுக்கு வரது 1¼ இன்ச். பெரிய ஹெவி டியூட்டி வண்டில 2½ இன்ச், சிலதுல 3 இன்ச் கூட இருக்கும், அதுக்கு உள்ள சொருகற ஸ்லீவ் போட்டு 2 இன்ச்சுக்குக் கொண்டு வரலாம், ஆனா நடுவுல ஒரு இரும்பு சேர்ந்தா ஆட்டமும் கொஞ்சம் கூடும்னு தெரிஞ்சுக்கோங்க. அதே ரேக் 1¼, 2 ரெண்டு சைஸ்லயும் கிடைச்சா 2 இன்ச்சே வாங்குங்க. 1¼ இன்ச் ரேக்கை அடாப்டர் போட்டு பெரிய டியூப்ல மாட்டலாம்தான், ஆனா பலம் அந்த சின்ன கம்பியோட பலம்தான்.

2. டெயில்கேட் அளவு (இதுக்கு நேரம் எடுத்துக்கோங்க)

வண்டியை சமதரைல நிறுத்தி டெயில்கேட்டை முழுசா திறந்து விடுங்க. அதோட கடைசி விளிம்புல ஒரு நூலை ஒட்டி, நுனில ஒரு நட்டைக் கட்டி தூக்குக்குண்டு மாதிரி தொங்க விடுங்க. இப்போ ரிசீவரோட பக்கச் சுவர்ல, ரேக் கழண்டு வராம குறுக்க சொருகற இரும்பு பின் போடற ஓட்டை இருக்கு பாருங்க, அந்த ஓட்டையோட நடுவுலேந்து நூல் தொங்கற இடம் வரைக்கும் நேரா அளந்து எழுதிக்கோங்க. அடுத்தது உயரம், டியூப்போட மேல்பக்கத்துலேந்து திறந்த டெயில்கேட்டோட அடிப்பக்கம் வரைக்கும். வண்டியோட சஸ்பென்ஷனை உயர்த்தியிருந்தாலும் இந்த உயரம் மாறாது, ஏன்னா ரெண்டும் ஒண்ணாத்தான் மேல போகும், ஆனா தரைலேந்து ரேக் இருக்கற உயரம் கூடிடும், அது சைக்கிளைத் தூக்கி வைக்கற உங்க முதுகுக்குத் தெரியும்.

இந்த ரெண்டு நம்பரை ரேக் கம்பெனி போடற அளவுப் படத்தோட ஒப்பிடணும். படத்துல பின் ஓட்டைலேந்து நிமிந்து நிக்கற கம்பி வரைக்கும் எவ்வளவுன்னு இருக்கும். அது உங்க நூல் அளவை விட அதிகமா இருந்தா டெயில்கேட் தாராளமா இறங்கும். அந்த மாதிரி பெரும்பாலும் அமையாது, ரேக்கோட கம்பி டெயில்கேட் பாதைக்குள்ளதான் வரும், அப்போ ரேக் பின்பக்கமா சாயணும். சாயற வசதி இருக்குன்னு போட்டிருந்தா மட்டும் போதாதுங்க, சைக்கிள் மாட்டியிருக்கும்போதே சாயுமா, சாஞ்சதுக்கு அப்புறம் அதோட கீல் பகுதி உங்க ரெண்டாவது அளவை விட தாழ்வா இருக்குமா, லீவர் எங்க இருக்கு, சைக்கிளுங்க நடுவுல கையை விட்டுத் தேடணுமா இல்ல வெளிப்பக்கம் கால்லயோ கைலயோ அழுத்தற மாதிரி வச்சிருக்காங்களா, இதெல்லாம் கேட்டுத்தான் முடிவு பண்ணணும்.

சைக்கிள் இல்லாதப்போ ரேக்கை மேல மடிச்சு வைப்போம்ல, அப்போ அது டெயில்கேட்ல இடிக்குதான்னும் பாருங்க. பிக்கப்புல பம்பர் ரிசீவரைத் தாண்டி வெளிய தள்ளியிருக்கும், ரேக்கோட சொருகற கம்பி குட்டையா இருந்தா மடிக்கும்போது பம்பர்லயே முட்டும். இதுக்கு எக்ஸ்டென்ஷன் கம்பி விக்கறாங்க, ஆனா அதைப் போட்டா தாங்கற எடை பெரும்பாலும் பாதிக்குப் பாதி குறையும், ரேக் கம்பெனி அனுமதிச்சா மட்டும் போடுங்க.

டெயில்கேட்டுக்குள்ளயே இன்னொரு சின்ன கதவு மடங்கற வண்டிங்க இப்போ வருது. உள்கதவு கீழ இறங்கும்போது ரிசீவர்ல என்ன சொருகியிருந்தாலும் அதுல அடிக்க வாய்ப்பிருக்கு. அந்த மாதிரி வண்டின்னா ரேக் இருக்கறப்போ உள்கதவைத் தொடாதீங்க, வண்டியோட புத்தகத்துல இதைப் பத்தி எழுதியிருக்கும், படிச்சுக்கோங்க.

அடிக்கடி டெயில்கேட் திறக்கறவங்களுக்கு, கேம்பிங் போறவங்க, தொட்டி மேல மூடி போட்டவங்க இவங்களுக்கு, ஸ்விங் வகைனு ஒண்ணு இருக்கு, மொத்த ரேக்கும் கதவு மாதிரி ஒரு பக்கமா திறந்துக்கும். ரொம்ப சௌகரியம். ஆனா கனம், விலையும் ஜாஸ்தி, சரிவான இடத்துல திறந்தா லாக் விழுந்திருக்கான்னு பாக்காம கிட்ட நிக்காதீங்க.

3. எந்த வகை ரேக்

மூணு வகை. ரெண்டு கை நீட்டி அதுல சைக்கிளோட மேல் பாரைத் தொங்க விடறது ஒண்ணு. விலை கம்மி, கனம் கம்மி, நாலஞ்சு சைக்கிள் கூட போகும். ஆனா சைக்கிளுங்க ஒண்ணோட ஒண்ணு உரசும், மேல் பார் சாய்வா இருக்கற லேடீஸ் சைக்கிளுக்கும் குழந்தைங்க சைக்கிளுக்கும் தனியா ஒரு பார் வாங்கி மாட்டணும், கார்பன் ஃப்ரேமை இதுல இறுக்கறதை நான் சொல்லவே மாட்டேன்.

இன்னொண்ணு பிளாட்ஃபார்ம். ரெண்டு சக்கரமும் தட்டுல உக்காரும், முன் சக்கரத்து மேல ஒரு கொக்கி இறங்கி இறுக்கும், பின் சக்கரத்துக்கு ஸ்ட்ராப். ஃப்ரேமை எதுவும் தொடாது. முதல் தடவை வாங்கறவங்களுக்கு, ஒண்ணு ரெண்டு சைக்கிள்தான்னா, இதைத்தான் வாங்கச் சொல்வேன். மட்கார்ட் இருக்கற சைக்கிள்னா மட்டும் கொக்கி மட்கார்டை அமுக்குமான்னு பாருங்க, ஃப்ரேமைப் பிடிக்கற மாதிரி வர பிளாட்ஃபார்ம்ல அந்தத் தொல்லை இல்ல.

அஞ்சாறு மலை சைக்கிள் ஒண்ணா ஏத்தற குரூப்புக்கு செங்குத்தா தொங்க விடற வகை சரி. முன் சக்கரத்தை தோள் உயரத்துக்குத் தூக்கணும், ரேக்கே ஆளை அசத்தற கனம். ஒரு வீட்டுக்கு ரெண்டு சைக்கிள்னா இது வேண்டாம்.

வாங்கறதுக்கு முன்னாடி டயர் அகலத்தையும், ரெண்டு அச்சுக்கும் நடுவுல இருக்கற தூரத்தையும் அளந்து வச்சுக்கோங்க. 29 இன்ச் சக்கரம் போட்ட பெரிய மலை சைக்கிள்ல இது 1200 மி.மீ தாண்டும், தட்டுல உக்காராம போகலாம். ஃபேட் டயருக்கு தனி தட்டு கேக்கும்.

4. எடைக் கணக்கு

ரிசீவர்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதுல டங் வெயிட்னு போட்டிருப்பாங்க, அதாவது ஹிட்ச் மேல நேரா கீழ அழுத்தக்கூடிய எடை. ஹிட்ச்சை பலத்தை வச்சு கிளாஸ்னு பிரிப்பாங்க, 1¼ இன்ச் கிளாஸ் 1-க்கு 200 பவுண்டு, அதாவது 90 கிலோ பக்கம்தான். 2 இன்ச் கிளாஸ் 3-ல 800 பவுண்டு வரைக்கும் போகும், உங்க ஸ்டிக்கர்ல என்ன இருக்கோ அதுதான் கணக்கு. சைக்கிளுங்க ஹிட்ச்லேந்து தள்ளி நிக்கும், பள்ளத்துல விழும்போது நெம்புகோல் மாதிரி இழுக்கும், அதனால ஸ்டிக்கர் எடைல பாதிக்குள்ள வச்சுக்கறது நல்லது.

உதாரணத்துக்கு ரேக் 28 கிலோ, பேட்டரி சைக்கிள் ரெண்டு, ஒவ்வொண்ணும் 26 கிலோ, மொத்தம் 80 கிலோ. 500 பவுண்டு, அதாவது 227 கிலோ போட்டிருக்கற ஹிட்ச்சுல பாதின்னாலும் 113 கிலோ, தாராளமா தாங்கும். அப்போ பிக்கப்புல சிக்கல் பெரும்பாலும் ஹிட்ச் இல்லீங்க, ரேக்தான். ஒரு சைக்கிளுக்கு இவ்வளவுன்னு ரேக்குக்கு தனி வரம்பு இருக்கு, தொங்க விடற வகைல 16 கிலோ பக்கம், நல்ல பிளாட்ஃபார்ம்ல 27 கிலோ பக்கம் போடுவாங்க. ரெண்டு சைக்கிள் ரேக்கோட இன்னும் ரெண்டுக்கு இணைப்பு வாங்கி நீட்டினா, ஒவ்வொரு சைக்கிளுக்கும் இருந்த வரம்பு குறையும், இதை நிறைய பேர் கவனிக்கறதில்ல. பேட்டரியைக் கழட்டி வண்டிக்குள்ள வச்சுடுங்க, 3 கிலோவாவது குறையும், மழைலயும் நனையாது. 25 கிலோ சைக்கிளை பிக்கப் உயரத்துக்குத் தூக்கறது லேசு இல்ல, உருட்டி ஏத்தற ரேம்ப் சேர்ந்து வர ரேக்கா பாருங்க.

5. ஆட்டம், பூட்டு

கடைல மாட்டிப் பாக்க விட்டா ரேக்கோட மேல் நுனியைப் பிடிச்சு குறுக்க ஆட்டுங்க. வெறும் பின் மட்டும் போட்டா டியூப்புக்குள்ள இடைவெளி இருக்கறதால லொட லொடன்னு ஆடும், நுனில அந்த ஆட்டம் பல மடங்காத் தெரியும். நல்ல ரேக்ல மரை போட்ட பின்னோ, குமிழைத் திருகினா டியூப் சுவர்ல போய் அழுந்தற ஆப்போ இருக்கும், இறுக்கினதும் ரேக்கும் வண்டியும் சேர்ந்துதான் ஆடும். இது இல்லாத ரேக்குக்கு வெளில மாட்டற யூ வடிவ கிளாம்ப் தனியா கிடைக்கும். பின்னுக்கு பூட்டு கட்டாயம், இல்லேன்னா சைக்கிளோட ரேக்கையே உருவிட்டுப் போயிடுவாங்க.

6. மாட்டினப்புறம் கிளம்பறதுக்கு முன்னாடி

சைலென்சர் வாய் எங்க பாக்குதுன்னு பாருங்க. நேரா பின்னாடி பாத்தா, தாழ்வா இருக்கற சக்கரத்துல அந்த சூடு ஒரே இடத்துல மணிக்கணக்கா அடிச்சுக்கிட்டே இருக்கும், டயர் உருகும், கார்பன் ரிம்மா இருந்தா அதுவும் போச்சு. டயரும் சைலென்சரும் ஒரே கோட்டுல வந்தா சைக்கிளைத் திருப்பி மாட்டுங்க, இல்ல வாயை கீழ திருப்பற குழாய் போடுங்க.

நம்பர் பிளேட், பின்விளக்கு மறையுதா, சக்கரம் வண்டி அகலத்தைத் தாண்டி நீட்டுதா, இதுக்கெல்லாம் உங்க ஊர் சட்டம் என்ன சொல்லுதோ அதைப் பாத்துக்கோங்க. ரிவர்ஸ்ல தானா பிரேக் போடற வண்டின்னா ரேக்கையே தடங்கல்னு நினைச்சு நின்னுடும், செட்டிங்ல அணைச்சுக்கோங்க, ரேக் கழட்டினதும் மறக்காம திரும்பப் போட்டுடுங்க.

பெடல் அடுத்த சைக்கிளோட ஸ்போக்ல மாட்டுதான்னு பாத்து, சுத்தற பெடலை ஸ்ட்ராப்பால கட்டிடுங்க. முதல் பத்து கிலோமீட்டர் போனதும் ஓரமா நிறுத்தி குமிழ், கொக்கி, ஸ்ட்ராப் எல்லாத்தையும் இன்னொரு தடவை இறுக்குங்க, புதுசுல எல்லாம் கொஞ்சம் தளரத்தான் செய்யும். இதே ரேக்கை இழுத்துட்டுப் போற டிரெய்லருக்குப் பின்னாடி மாட்டலாமான்னு கேப்பாங்க, டிரெய்லர் வால் பகுதில குலுக்கல் ரொம்ப அதிகம், அதுக்குன்னு அனுமதிச்ச ரேக்கா இல்லேன்னா மாட்டவே மாட்டாதீங்க.