ஊருக்குக் காட்டும் படமும் உங்களிடமே இருக்க வேண்டிய படமும்

எங்கள் பறவை வளர்ப்போர் சங்கத்தில் சேருகிறவர்கள் அநேகமாக முதல் வாரத்திலேயே தங்கள் காக்டெயில் கிளியின் படத்தைப் போட்டுவிடுவார்கள். போடட்டும், அந்தச் சந்தோஷத்துக்காகத்தானே சேருகிறார்கள். சங்கத்தின் படங்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அதனால் எல்லோரிடமும் ஒன்றைத் தவறாமல் சொல்வேன்: ஒவ்வொரு பறவைக்கும் இரண்டு வகைப் படம் வேண்டும். ஒன்று நாலு பேர் பார்ப்பதற்கு. இன்னொன்று, பறவை காணாமல் போனால் அது உங்களுடையதுதான் என்று காட்டுவதற்கு. இரண்டையும் கலக்கக் கூடாது.

இரண்டாவது வகையை முதலில் எடுத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தில், வெறும் சுவர் முன்னால். முகத்தின் இரண்டு பக்கமும், விரித்த இறக்கையின் அடிப்பக்கமும், வாலும், கால் விரல்களும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். நகத்தில் நிற வித்தியாசம், அலகில் ஒரு கீறல், வளைந்த விரல் என்று எது இருந்தாலும் கிட்டத்தில் எடுங்கள். கால் வளையத்தின் எண்ணைத் திருப்பித் திருப்பி முழுதாக எடுங்கள். மூட்டில்லாத வளையத்தைக் குஞ்சுப் பருவத்தில், முதல் இரண்டு வாரத்துக்குள்தான் மாட்ட முடியும். கால் வளர்ந்த பிறகு வளையத்தை வெட்டாமல் கழற்ற முடியாது. அதனால்தான் அந்த எண் அவ்வளவு நல்ல சாட்சி. பறவை விசிலடிக்கும் மெட்டையும் ஒரு வீடியோவில் பிடித்து வையுங்கள்.

குஞ்சாக இருந்தபோது எடுத்த படம் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. சாம்பல் நிறக் காக்டெயில் குஞ்சுகளில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி இருக்கும். ஏறக்குறைய ஆறு மாதத்தில் முதல் இறகு உதிர்ந்து முளைக்கும்போதுதான் ஆணின் முகம் பளிச்சென்று மஞ்சளாகும், வாலடியில் இருந்த கோடுகள் மறையும். பழைய படத்தை வைத்து அதே பறவைதான் என்று யாரையும் நம்ப வைக்க முடியாது. இறகு உதிர்ந்து முடிந்ததும் மறுபடி எடுங்கள்.

சரி, இப்போது பகிரும் படம். அதில் வளைய எண் தெரியக் கூடாது. உடம்பில் உள்ள ஒரு அடையாளத்தையாவது எங்கேயும் காட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். பறவை தொலைந்து நீங்கள் தேடும்போது, "உங்கள் பறவை என்னிடம் இருக்கிறது, முதலில் பணம் அனுப்புங்கள்" என்று மோசடிக்காரர்கள் வருவார்கள். அந்த அடையாளம் என்ன, எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம்.

போன் கேமராவில் லொகேஷன் ஆன் ஆகியிருந்தால், படம் எடுத்த இடம் அந்தக் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். கேமரா செட்டிங்கில் அதை அணைத்துவிடுங்கள். பல தளங்கள் படத்தை ஏற்றும்போது அந்தத் தகவலை நீக்கிவிடும். ஆனால் மின்னஞ்சலிலோ, வாட்ஸப்பில் டாக்குமெண்ட்டாகவோ அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். பழைய படமென்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை அனுப்புங்கள். பின்னணியையும் பாருங்கள்: கதவு எண், வண்டி எண், ஜன்னலுக்கு வெளியே தெரியும் கட்டடம், கூண்டின் பூட்டு. கூண்டு வரிசை முழுவதையும் ஒரே படத்தில் காட்டவே வேண்டாம். வெளியூர் போகிறீர்கள் என்றால் திரும்பி வந்த பிறகு சொல்லலாம்.

ஆப்பிரிக்கன் கிரே கிளி வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். விலை உயர்ந்த பறவை, திருட்டுக்கு முதல் குறி. காட்டில் பிடித்த கிரேக்களை வணிகத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டுபோக, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின்படி 2017 ஜனவரியிலிருந்து தடை இருக்கிறது. அதனால் உங்கள் பறவை முறையாக வந்தது என்று காட்டும் காகிதத்துக்கு மதிப்பு அதிகம். அந்தக் காகிதத்தைப் படம் எடுத்துப் போடாதீர்கள்.

ராத்திரியில் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். காக்டெயில்கள் இருட்டில் திடீரென்று மிரண்டு, கூண்டில் மோதி, இறகு முறித்துக்கொள்ளும். கொண்டை தலையோடு படிந்து, சீறுகிறது என்றால் போனைக் கீழே வையுங்கள். அடைகாக்கும் பெட்டியைப் படத்துக்காகத் திறப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத விஷயம்.

சங்கக் கூட்டங்களில் அடுத்தவர் பறவையைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள், போடும் முன் மறுபடி கேளுங்கள். படத்துக்காகப் பறவையைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொடுக்காதீர்கள். அலகையும் இறகையும் தாக்கும் நோயின் கிருமி இறகுத் தூசியிலும் எச்சத்திலும் பரவும். வீட்டுக்கு வந்ததும் கை கழுவி, உடை மாற்றிவிட்டு உங்கள் கூண்டுப் பக்கம் போங்கள். கூட்டத்திலிருந்து புதுப் பறவை வாங்கி வந்தால், குறைந்தது 30 நாள் வேறு அறையில் வையுங்கள்.

அடையாளப் படங்களின் ஒரு பிரதியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். போனும் தொலைந்துபோகும் பொருள்தான்.